ஒரு கல், ஒரு கேள்வி, முக்கால் மணி நேரம்: நிலவியல் ஆர்வலர் மன்றத்தில் உரை நடத்தப்போகும் புதியவர்களுக்கு

நிலவியல், புதைபடிவம், தொல்லியல் ஆகிய மூன்றிலும் ஆசை உள்ளவர்கள் ஓர் ஊரில் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கினால், முதல் கூட்டம் அறிமுகத்திலேயே கழிந்துவிடும். இரண்டாவது கூட்டத்துக்கு முன்பே ‘யாரைப் பேச வைப்பது, எதைப் பற்றி?’ என்ற கேள்வி வந்து நிற்கும். அந்த இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லும் உதாரணங்கள் தமிழ்நாட்டில், பெரும்பாலும் ஒருநாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றியவை.

எங்கள் கூட்டங்களில் ஒரே ஒரு விதிதான் கறாரானது. பேசுபவர் ஒரு கல்லின் வயதையோ பெயரையோ சொன்னால், அது எப்படித் தெரியவந்தது என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும். வயது இத்தனை கோடி ஆண்டு என்று கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவதற்குக் கூட்டம் தேவையில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘டைனோசர்கள்’, ‘தமிழரின் தொன்மை’ போன்ற தலைப்புகள் சுவரொட்டிக்கு நன்றாக இருக்கும். முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கமாட்டா. தலைப்பை ஒரே ஓர் இடத்தைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள்.

உதாரணமாக, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குத் தெரிவித்தார்; இன்று அது தேசியப் புவியியல் நினைவிடம். அந்த மரம் கிடப்பதோ கடலடியில் படிந்த பாறையில். சுற்றுவட்டாரப் பாறைகளில் கடல்வாழ் உயிரிகளின் எச்சங்கள் கிடைக்கின்றன. ‘கடலுக்குள் மரம் எப்படி வந்தது?’ என்று தலைப்பு வைத்தால் உரை தானாக நடக்கும். மரம் கரையில் வளர்ந்தது, ஆற்று நீர் அடித்துக்கொண்டு போனது, கடலில் மிதந்து ஊறி மூழ்கியது, சேறு மூடியது, நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் புகுந்து இறுகியது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்க இடம் இருக்கிறது. அன்று கடல் இவ்வளவு உள்நாட்டில் இருந்ததா என்ற பெரிய வியப்பும் கேட்காமலே வந்துவிடும்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்கு வேறு கேள்வி பொருந்தும்: ‘இந்த மரங்களுக்கு வேரும் கிளையும் ஏன் இல்லை?’ அங்கே சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள மரத்துண்டுகள் படுத்த வாக்கில் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டையும் இல்லை. வளர்ந்த இடத்திலேயே புதைந்திருந்தால் வேராவது நின்றிருக்கும். வெள்ளம் உருட்டிவந்து போட்டது என்று சொல்வதற்கு இந்த இல்லாமைதான் சான்று. அசுரர்களின் எலும்பு என்று ஊரில் ஒரு கதை உண்டு; அதையும் பேச்சாளர் சொல்லட்டும். இவ்வளவு பெரிய கல் எலும்பைப் பார்த்தவர்கள் ஒரு விளக்கம் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கதையைக் கேலி செய்து தொடங்கும் உரைகளை நான் விரும்புவதில்லை.

சென்னைவாசிகளுக்கு: ‘பல்லாவரத்துக் கல்லுக்குக் கொல்கத்தாவில் புதைக்கப்பட்டவரின் பெயர் ஏன்?’ கொல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. அதன் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அதே பாறையாலான பரங்கிமலையைத் தினமும் மின்சார ரயிலில் கடப்பவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

திருச்சி, அரியலூர்க்காரர்கள் ‘சிமென்ட் ஆலைகள் ஏன் இங்கேயே குவிந்தன?’ என்று கேட்கலாம். கல்லக்குடி, கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் எல்லாம் கிரெட்டேசியஸ் எனப்படும், டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்துக் கடல் விட்டுப்போனவை. கல்லங்குறிச்சிப் படிவில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். வீட்டுச் சுவரில் பூசிய சிமென்டுக்குள் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பி அரைபட்டுக் கிடக்கிறது என்று சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

பேசுபவரைத் தேடுவது

பெரிய பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்கள்தான் என் முதல் தேர்வு. நேற்று பார்த்த பாறையைப் பற்றி இன்று பேசுவார்கள்; கேள்வி கேட்டால் கோபப்படமாட்டார்கள். அடுத்து, சிமென்ட் ஆலைச் சுரங்கங்களில் வேலை பார்க்கும் நிலவியலாளர்கள். இவர்களை யாரும் பேச அழைப்பதில்லை, ஆனால் சுண்ணாம்புக்கல் படிவை அடுக்கு அடுக்காக இவர்கள் அளவுக்குக் கண்டவர்கள் குறைவு. ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்கள் கதைச் சுரங்கங்கள். எதிரில் ஒரு கடிகாரத்தை மட்டும் மாட்டிவையுங்கள்.

தொல்லியலுக்கு, அகழாய்வுக் குழிக்குள் இறங்கி மண் சலித்தவரைத் தேடுங்கள். அறிக்கையைப் படித்துவிட்டுப் பேசுபவருக்கும் குழியில் நின்றவருக்கும் வித்தியாசம் ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். அரசுத் துறையில் இருப்பவர் பொதுமேடையில் பேசத் துறை அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே எழுதுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் புகழ்ச்சி வேண்டாம். எத்தனை பேர் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்களா, எவ்வளவு நேரம், எந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்க்கிறோம், ப்ரொஜெக்டர் உண்டா, பயணச் செலவை யார் ஏற்பது, இவ்வளவும் இருந்தால் போதும். பயணச் செலவை நேரில் கேட்க வைப்பது மரியாதை இல்லை, கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியாள் கிடைக்காத மாதத்தில் உறுப்பினர்களே பேசட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு கல். இப்படிப் பேசிப் பழகியவர்கள் அடுத்த ஆண்டு முழு உரை ஆற்றுவார்கள்.

கிடைத்தது, அளந்தது, ஊகித்தது

உரைக்கு ஒரு வாரம் முன்பு பேச்சாளரோடு தொலைபேசியில் அரைமணி நேரம் பேசுங்கள். அப்போது அவர் சொல்லப்போவதை ஒரு தாளில் மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: மண்ணில் கிடைத்தது என்ன, ஆய்வகத்தில் அளந்தது என்ன, இரண்டையும் வைத்து ஊகித்தது என்ன. புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கருவி எனக்குத் தெரியாது.

கீழடியை எடுத்துக்கொள்வோம். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்றும் 200 செ.மீ. ஆழத்தில் எடுத்ததன் காலம் கி.மு. 205 என்றும் வந்தது. கரி மாதிரி கிடைத்தது. அதன் வயது அளந்தது. அந்த ஆழத்தில் கூடவே கிடைத்த பானை ஓடுகளும் அதே காலத்தவை என்பது மண்ணடுக்கை நம்பிச் சொல்லும் முடிவு. ‘கீழடி நகரம் கி.மு. 580இல் தோன்றியது’ என்று சொன்னால் அது மூன்றாவது கட்டத்தில் போய் உட்காரும். ஊகம் என்பதால் தள்ளிவிட வேண்டும் என்று பொருளில்லை. எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிந்தால் போதும். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு வெளியானபோது வாட்ஸப்பில் சுற்றிய செய்திகளில் பாதி இந்த மூன்று கட்டங்களையும் ஒன்றாகக் கலந்தவைதான்.

அத்திரம்பாக்கம் இன்னும் நல்ல பாடம். திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கும் இந்த ஊரில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பாப்புவின் குழு 2011இல் வெளியிட்டது. ‘கோடரி செய்த கல்லே கோடிக்கணக்கான வருடப் பழசாயிற்றே, செதுக்கிய காலம் எப்படித் தெரியும்?’ என்று கூட்டத்தில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கல் மேற்பரப்பில் கிடக்கும்வரை விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு அதற்குள் சில அரிய அணுக்கள் உருவாகின்றன. மண்ணுக்குள் புதைந்ததும் உருவாவது நின்று, இருப்பவை ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் அழியத் தொடங்குகின்றன. எஞ்சிய விகிதத்தை அளந்தால் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். மண்ணடுக்குகளில் பதிந்துள்ள பூமியின் பழைய காந்தத் திசையும் அதை ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். இதைப் பொறுமையாகச் சொல்ல ஒரு பேச்சாளருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். கொடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் ஆட்கள் வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள்.

ஊகம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு அரியலூர் மாவட்டம் கல்லமேடு சாட்சி. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1980களில் ஒரு டைனோசருக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். எலும்புகள் பிறகு சிதைந்துபோயின. எஞ்சியிருப்பவை படங்களும் குறிப்புகளும். உலகிலேயே பெரிய விலங்கு என்று சொல்லும் கணக்குகள் அந்தப் படங்களின் மேல் எழுப்பியவை. பேச்சாளர் இதைச் சொல்லாமல் எடையை மட்டும் டன் கணக்கில் அடுக்கினால், நடத்துபவர் கையை உயர்த்த வேண்டும்.

மேசை மேல் வைக்க வேண்டியவை

படத்தில் நூறு பார்ப்பதும் கையில் ஒன்றை ஏந்துவதும் ஒன்றல்ல. அறையின் நுழைவில் ஒரு நீள மேசை, அதன் மேல் தடித்த துணி, ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் சீட்டு. சீட்டில் என்ன, எந்த ஊர், எந்த அடுக்கு, யார் எடுத்தது, எப்போது என்று இருக்க வேண்டும். எங்கே கிடைத்தது என்று தெரியாத புதைபடிவம் அலமாரிக்கு அழகே தவிர ஆய்வுக்கு உதவாது. பழைய கல்லூரித் தொகுப்புகளில் கேட்டால் இரவல் கிடைக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

அம்மோனைட் என்பது அழிந்துபோன, சுருள் ஓடுடைய கடல் உயிரி. அதன் புதைபடிவத்தைக் காட்டும் முறை ஒன்று சொல்கிறேன். விளக்குகளை அணைத்துவிட்டு, சிறிய டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தபோது வழவழவென்று தெரிந்த கல்லில் சுருளுக்குக் குறுக்கே வரிசையாக விலா மேடுகள் எழும், ஒவ்வொன்றின் பின்னும் நிழல் விழும். வெளி ஓடு உரிந்த பகுதி இருந்தால் அங்கே நெளிநெளியாக மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். அவை உள்ளறைகளின் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள். உயிரி கடைசி அறையில் மட்டும் வாழ்ந்தது, உள்ளறைகள் மிதப்பதற்கு. ஒரு நத்தை ஓட்டைப் பக்கத்தில் வையுங்கள்: அது கூம்பாக உயர்ந்து சுற்றும், தடுப்புச் சுவர் இருக்காது. அம்மோனைட் ஒரே தளத்தில் சுருளும். இரண்டையும் பார்த்த பிள்ளை பிறகு ஏமாறாது. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பலவும் அம்மோனைட்டுகளே என்பதால், கூட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் யாராவது ‘எங்கள் வீட்டில் பூஜையில் இருக்கிறதே’ என்பார்கள். அவரையே இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

இதே பக்கவாட்டு வெளிச்சம் பானை ஓட்டின் கீறல் குறிகளுக்கும் பொருந்தும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மறையும் கீறல், சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பளிச்சென்று நிற்கும்.

சுண்ணாம்புக்கல்லை அடையாளம் காட்ட நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு போதும், நுரைக்கும். அதைக் கையுறை போட்ட ஒருவர் மட்டும் செய்யட்டும். பிள்ளைகள் கையால் செய்யவேண்டுமென்றால் கல்லைச் சுரண்டித் தூளாக்கி எலுமிச்சைச் சாறு விட்டாலும் குமிழ் வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டையும் மணலில் உள்ள குவார்ட்ஸையும் பிரிக்கப் பேனாக்கத்தி: முன்னதில் கோடு விழும், பின்னதில் விழாது. எலும்பா கல்லா என்று பார்க்க நாக்கில் ஒட்டிப் பார்க்கும் பழக்கம் அந்தக்காலக் கள நிலவியலாளர்களிடம் இருந்தது. நுண்துளை உள்ள எலும்பு நாக்கில் ஒட்டும் என்பது சரிதான். பொதுமேசையில் அதை அனுமதிக்காதீர்கள்.

பொய்ப் புதைபடிவங்களையும் வையுங்கள். பாறைப் பிளவில் மாங்கனீஸ் ஆக்சைடு கிளைகிளையாகப் படர்ந்து பெரணிச் செடிபோலவே தோன்றும். உருண்டைக் கல்முடிச்சுகள் முட்டை என்று பெயர் வாங்கும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் தோண்டும்போது வெளிப்பட்ட உருண்டைகள் டைனோசர் முட்டை என்று சமூக ஊடகம் முழுக்கப் பரவின. பார்த்த வல்லுநர்கள் அவை அம்மோனைட் சார்ந்த படிவ உருண்டைகள் என்று சொன்னார்கள். உண்மையும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மேசைதான் அதிக நேரம் கூட்டம் நிற்கும் மேசை.

கைக்கோடரியின் அசலை மேசையில் வைக்காதீர்கள். அது தொல்பொருள், அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது. நகல் போதும். அசலைப் பார்க்க சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் முதல் கற்கருவியைக் கண்ட நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு அங்கேதான் போய்ச்சேர்ந்தது.

காலத்தைக் கயிற்றில் அளந்து காட்டுங்கள்

‘மில்லியன்’ என்ற சொல்லைப் பேச்சாளரிடம் முன்பே பறிமுதல் செய்துவிடுங்கள். 10 லட்சம், கோடி என்றே சொல்லட்டும். கேட்பவர் மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு வாக்கியங்களைத் தவறவிடுவார்.

அதோடு 46 மீட்டர் நைலான் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1 மீட்டருக்கு 10 கோடி ஆண்டு. பூமியின் 454 கோடி ஆண்டும் அதில் அடங்கும். ஒரு முனை இன்று. அங்கிருந்து 25 மீட்டரில் சார்னோக்கைட்டுக்கு ஒரு துணி முடிச்சு. சென்னைப் பக்கத்து மலைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. 1.2 மீட்டரில் சாத்தனூர் மரம், அங்கே வைத்திருக்கும் பலகை சொல்லும் 12 கோடி ஆண்டுக் கணக்குப்படி. 66 செ.மீ.யில் டைனோசர்களின் முடிவு. 20 செ.மீ.யில் திருவக்கரை. 1.5 செ.மீ.யில் அத்திரம்பாக்கம். கீழடியை எங்கே கட்டுவது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். 2,600 ஆண்டு என்பது இந்தக் கயிற்றில் 0.026 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நிலவியலும் தொல்லியலும் ஒரே மேடையில் வந்தாலும் அளவுகோல் வேறு என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

கரிமக் காலக்கணிப்பு ஏன் கல்மரத்துக்குப் பயன்படாது என்பதையும் கயிற்றை வைத்தே சொல்லலாம். அந்தக் கணிப்பில் அளக்கும் கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகக் குறைகிறது. 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. கயிற்றில் அது அரை மில்லிமீட்டர்.

அரங்கு, ஸ்லைடு, மைக்

நூலகக் கூடம், பள்ளி வகுப்பறை, எதுவானாலும் சரி. ஜன்னலை மூட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஞாயிறு மாலை நல்லது. ஊர்த் திருவிழா நாளோடு மோதாதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

ஸ்லைடுகளைப் பேச்சாளரிடமிருந்து பிடிஎஃப் வடிவில் முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு உங்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் திறக்கும். பிடிஎஃபில் அந்தத் தொல்லை இல்லை. 25 ஸ்லைடுக்கு மேல் வைத்திருப்பவரிடம் பாதியை எடுக்கச் சொல்வதும் உங்கள் வேலைதான். புதைபடிவப் படம் ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தில் கடுகும் பூசணியும் ஒரே அளவுதான். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசிக்கத் தேவையில்லை, மேசையும் கயிறும் டார்ச்சும் இருக்கின்றன.

கேள்வி நேரம்

உரைக்கு 45 நிமிடம் என்றால் கேள்விக்கு 30 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் கேள்வியைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். பெரியவர்களின் கேள்விகளில் பாதி, கேள்வியாகத் தொடங்கிச் சொற்பொழிவாக முடியும். நடத்துபவர் சிரித்துக்கொண்டே குறுக்கிட வேண்டும்.

எந்த ஊரிலும் குமரிக்கண்டம் பற்றிக் கேட்பார்கள். பேச்சாளர் தயாராக வரட்டும். லெமூர் குரங்குகளின் பரவலை விளக்க 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் லெமூரியா என்ற மூழ்கிய நிலப்பரப்பை முன்வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியானபின் நிலவியலில் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. பழைய தமிழ் இலக்கிய உரைநூல்களில் கடல்கோள் பற்றி வரும் செய்தி வேறு வகைச் சான்று. இலக்கியச் சான்றாக அதைத் தனியே பேசலாம். நிலவியல் சொல்லக்கூடியது இது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகக் கரை வெளியே தள்ளி இருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பகுதி நிலமாக இருந்தது. பிறகு கடல் அந்த நிலத்தைக் கொண்டது. ஒரு கண்டம் அளவுக்கு நிலம் மூழ்கியதற்குக் கடலடியில் சான்று இல்லை. இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொல்பவரே நல்ல பேச்சாளர்.

கல்லைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. மேடையில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கூட்டம் முடிந்தபின் மேசைக்கு அழைத்து, எங்கே கிடைத்தது என்பதை முதலில் கேளுங்கள். விலை என்ன பெறும் என்று கேட்பவருக்கு மன்றம் பதில் சொல்லாது என்பதை விதியாகவே எழுதி ஒட்டிவிடலாம்.

உரைக்குப் பின் களப்பயணம்

உரை கேட்ட ஓரிரு வாரத்துக்குள் இடத்தைப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். அரியலூர் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வெளியே இறங்கினால் எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். காரை கிராமத்துக் களிமண் நிலம் மழை அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கும். அங்கே பெலெம்னைட் எனப்படும் கணவாய் இனத்து உயிரியின் உள்கூட்டுத் துண்டுகள் விரல்நீளக் கூர்க்கற்களாகக் கிடைப்பதுண்டு. ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். மழை பெய்த மறுநாள் ஓடை விளிம்பில் நிற்காதீர்கள், சரியும். நிழல் கிடையாது; ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும். சுரங்கத்துக்குள் போக ஆலையின் எழுத்துபூர்வ அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் முடியாது. வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுக்கலாம் என்பதில் தயங்காமல் கண்டிப்பாக இருங்கள். சாத்தனூர், திருவக்கரை போன்ற நினைவிடங்களில் ஒரு சில்லைக்கூடத் தொடக்கூடாது. தொல்பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நிலத்தடியில் கிடைக்கும் புதையலுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். புவி மரபு இடங்களையும் புதைபடிவம் உள்ளிட்ட புவிச் சின்னங்களையும் காக்க ஒரு மசோதாவின் வரைவை மத்திய அரசு 2022இல் வெளியிட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், வயல்வரப்பில் முதுமக்கள் தாழியின் விளிம்பு தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள், தோண்டாதீர்கள். அந்த இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். உங்களுக்கு முன்பே கடப்பாரை போய்ச் சேர்ந்துவிடும்.

கூட்டம் முடிந்த பிறகு

உரையை ஒருவர் இரண்டு பக்கத்தில் எழுதிப் பேச்சாளருக்கு அனுப்பட்டும். எண்களையும் ஊர்ப் பெயர்களையும் அவர் திருத்திக் கொடுத்தபின் உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். ஒலிப்பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை என்பது என் அனுபவம். இரண்டு பக்கத்தைப் படிக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். இரவல் வாங்கிய மாதிரிகளை மறுநாளே திருப்பிவிடுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பேச்சாளரைத் தேடும்போது கடிதத்தில் எழுத வேண்டிய கேள்வியை அதிலிருந்து எடுக்கலாம்.